ஆங்கிலம் வராவிட்டால் கட்டடம் நிற்காதா?

காவலூர் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது வானம்தான். திருப்பத்தூர் மாவட்டத்தில், ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறும் பாதையில், கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்தச் சிற்றூர். நகரத்து விளக்குகளின் தொல்லை இல்லாத இருட்டு வேண்டும், தென்திசை நட்சத்திரங்களும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று இடம் தேடி அலைந்த வானியல் அறிஞர் வைணு பாப்பு, கடைசியில் ஜவ்வாது மலைக்குத்தான் வந்து சேர்ந்தார். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்று இங்கே வேலையைத் தொடங்கியது. கோடைக்கானல் பட்டறையில் நம்மவர்கள் செய்த கருவி அது. 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. பாப்பு 1982-ல் காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி 1986 ஜனவரி 6-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணித்தார். கூடத்துக்கும் தொலைநோக்கிக்கும் பாப்புவின் பெயரையே வைத்தார்கள்.

வெளியூரிலிருந்து வந்து போகிறவர்கள் தொலைநோக்கியைப் பார்த்து அதிசயிப்பார்கள். அக்கம்பக்கத்துக் குக்கிராமங்களில் வளரும் பிள்ளைகளின் கண்ணில் முதலில் படுவது தொலைநோக்கி அல்ல. அதை மூடிக்கொண்டு நிற்கும் உருண்டைக் கூரைதான். கூரை என்றால் ஓரிடத்தில் அசையாமல் இருக்க வேண்டும் என்பது உலக வழக்கம். காற்றடித்தால் பறக்காமல் இருக்கத்தான் அதைக் கட்டியே வைக்கிறோம். இந்தக் கூரையோ பொழுது சாய்ந்தால் பிளந்துகொள்கிறது; பிறகு மெல்லச் சுற்றவும் செய்கிறது. இது எப்படி நிற்கிறது, எதன் மேல் ஓடுகிறது, மழை வந்தால் எப்படி மூடும் என்று ஒரு பையன் கேட்க ஆரம்பித்துவிட்டால், அவன் கேட்பது வானியல் கேள்வி அல்ல. கட்டடக் கலைக் கேள்வி.

வானாராய்ச்சிக் கூடம் கட்டுகிறவர்கள் ஒரு தந்திரம் செய்வதுண்டு. தொலைநோக்கியைத் தாங்கும் தூணுக்குத் தனி அஸ்திவாரம் போடுவார்கள். சுற்றுச் சுவருக்கும் கூரைக்கும் வேறு அஸ்திவாரம். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. கூரை சுழன்றாலும், தளத்தில் ஆள் நடந்தாலும், அந்த அதிர்ச்சி தூணுக்கு ஏறிவிடக் கூடாது. ஏறினால் நட்சத்திரம் நடுங்கும். ஒரு கட்டடத்துக்குள் இன்னொரு கட்டடம் என்று சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கிவிடும். அஸ்திவாரத்துக்குத் தோண்டும் பள்ளத்துக்கு நம் கொத்தனார்கள் வைத்திருக்கும் பெயர்கூட 'வானம்' தான். வாணம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. காவலூரில் வானம் பார்க்கும் முன்னால் வானம் தோண்டியாக வேண்டியிருந்தது!

இந்த மலையிலிருந்து ஒரு மாணவன் கட்டடக் கலை படிக்கச் சென்னைக்குப் புறப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். மலையாளி என்னும் பழங்குடியில் பிறந்தவன். பெயரைக் கேட்டுக் கேரளத்து ஆள் என்று நினைத்துவிட வேண்டாம்; மலையை ஆள்கிறவர்கள் என்பதால் வந்த பெயர் என்பார்கள். தாய்மொழி தமிழ். உண்டு உறைவிடப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். கணக்கில் கெட்டிக்காரன், கையில் படமும் வரும். அவனுக்கு என்ன நடக்கும்?

உள்ளே நுழைவது

நுழைவது முன்னைப்போல் அவ்வளவு கடினம் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2021-ல் வந்தது. கட்டடக் கலைக்கு மட்டும் 'நாட்டா' என்ற தனித் தேர்வு ஒன்று எழுத வேண்டும். படமும் பார்வையும் கணக்கும் அதில் சோதிக்கப்படும். பிறகு ஐந்து வருஷப் படிப்பு. முடித்துப் பதிவு செய்துகொண்டால்தான் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளலாம். அது 1972-ஆம் வருஷத்துச் சட்டம்.

தொல்லை கதவில் இல்லை. கதவைத் தாண்டிய பிறகுதான் ஆரம்பிக்கிறது.

முதல் நாள் வகுப்பிலிருந்து பேச்செல்லாம் ஆங்கிலம். ஆசிரியர் தமிழர்தான், பக்கத்தில் இருக்கும் மாணவர்களிலும் பாதிப்பேர் தமிழர்கள்தான். ஆனால் 'ஸ்டூடியோ' என்ற வரைகூடத்துக்குள் கால் வைத்ததும் ஒரு சட்டம் எழுதாமலே அமலுக்கு வந்துவிடுகிறது. இடம் என்று சொல்லக் கூடாது, 'ஸ்பேஸ்' என்று சொல்ல வேண்டும். யோசனை என்றால் மட்டம், 'கான்செப்ட்' என்றால் உயர்வு. தாழ்வாரத்தில் பிறந்து வளர்ந்தவன்கூட அதை 'டிரான்சிஷன் ஸ்பேஸ்' என்று சொன்னால்தான் ஆசிரியர் தலையை ஆட்டுவார் என்ற பயம் மாணவனுக்கு வந்துவிடுகிறது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. கட்டடக் கலை மாணவனுக்கு முதல் வருஷத்தில் கொடுக்கும் பயிற்சிகளில் ஒன்று எழுத்துப் பயிற்சி. 'லெட்டரிங்' என்பார்கள். மெல்லிய இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆங்கில எழுத்துக்களை ஒரே உயரத்தில், ஒரே அழுத்தத்தில், அச்சடித்தாற்போல் எழுதிப் பழக வேண்டும். கையில் படம் வருகிற மலைப்பையன் இதில் எல்லோரையும் தோற்கடித்துவிடுவான். வகுப்பிலேயே அழகான ஆங்கிலம் அவனுடையது. வாயைத் திறக்காதவரைக்கும்!

வாயைத் திறந்தாக வேண்டிய நாள் ஒன்று வரும். அதன் பெயர் 'ஜூரி'. ஏதோ கொலை வழக்கு என்று எண்ண வேண்டாம். மாணவன் குற்றவாளிக் கூண்டில் நிற்பது போல் நிற்பது என்னவோ உண்மைதான். பல நாள் தூக்கம் கெட்டு வரைந்த தாள்களைச் சுவரில் வரிசையாகக் குத்திவைப்பான். அட்டையிலும் தெர்மோகோலிலும் செய்த மாதிரி வீடு மேஜை மேல் இருக்கும். ஆசிரியர்களும் வெளியிலிருந்து வந்த கட்டடக் கலைஞர்களும் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். ஏன் இந்த ஜன்னல் இங்கே? ஏன் மாடிப்படி வடக்கே? மலைப்பையனுக்குப் பதில் தெரியும். ஆடி மாதத்துக் காற்று எந்தப் பக்கம் வரும், ஐப்பசி மழை எந்தச் சுவரில் அடிக்கும் என்பதெல்லாம் அவன் உடம்பில் எழுதியிருக்கிறது. அதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை. "லைட், சார்... வெண்டிலேஷன், சார்" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நிற்பான். பக்கத்துத் தாளுக்குச் சொந்தக்காரன் சரளமாகப் பத்து நிமிஷம் பேசுவான். மதிப்பெண் யார் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கு மதிப்பெண் போனால் போகட்டும். அடுத்த ஜூரிக்கு அவன் என்ன செய்கிறான் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். பேசத் தெரிந்ததை மட்டும் வரைய ஆரம்பிக்கிறான். கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சி, புதிதாகத் தோன்றிய ஒன்றைத் தாளிலிருந்து அழித்துவிடுகிறான். சிலர் விடுதி அறையிலேயே அடைந்து கிடப்பதும், சிலர் மூட்டை கட்டி ஊர் திரும்புவதும் இதற்கு அடுத்த படி. ஆங்கிலம் தெரியாததால் ஒருவன் ஆங்கிலத்தில் தோற்றால் அது நியாயம். ஆங்கிலம் தெரியாததால் ஒருவன் கட்டடக் கலையில் தோற்பது நியாயமா?

கடுக்காய் தெரிந்தவன்

ஒரே ஒரு காயை எடுத்துக்கொள்வோம். ஜவ்வாது மலையின் காடுபடு பொருள்களில் கடுக்காயும் ஒன்று. தேன், புளி இவற்றோடு கடுக்காயும் பொறுக்கி விற்பது மலைமக்களின் பழைய பிழைப்பு. இந்தக் கடுக்காய் மருந்துக் கடைக்கும் தோல் பதனிடும் இடத்துக்கும் மட்டும் போகவில்லை, கட்டடத்துக்கும் போயிற்று. சிமெண்டு வருவதற்கு முன்னால் சுண்ணாம்புக் கலவைதான் சுவருக்கு உயிர். கடுக்காயையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, அந்த நீரைச் சுண்ணாம்பிலும் மணலிலும் விட்டு அரைத்தால் கலவை இறுகிப் பிடிக்கும், வெடிக்காது. இதையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. சென்னைச் சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபு இருந்த கலச மகால் 2012-ஆம் வருஷம் ஜனவரியில் தீப்பற்றிப் பாழாயிற்று. அதைப் பொதுப்பணித் துறை மீண்டும் எடுத்துக் கட்டியபோது இந்தக் கடுக்காயும் வெல்லமும் சேர்ந்த சுண்ணாம்புக் கலவையைத்தான் நாடியது. சிமெண்டு பழைய செங்கல்லோடு ஒத்துப்போகாது என்பது அனுபவசாலிகளின் முடிவு.

இப்போது வகுப்பறைக்கு வருவோம். கட்டடப் பொருள்கள் பாடம் நடக்கிறது. சுண்ணாம்புக் கலவையில் சேர்க்கும் தாவரச் சரக்குகளைப் பற்றி ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்கிறார். கடுக்காய்க்குத் தாவர நூலார் வைத்த லத்தீன் பெயர் பலகையில் ஏறுகிறது. வகுப்பில் இருக்கும் அறுபது பேரில் அந்தக் காயைக் கையில் எடுத்தவன், அதன் துவர்ப்பை நாக்கில் அறிந்தவன், தாயோடு போய்க் கூடையில் பொறுக்கியவன் ஒருவன்தான் இருப்பான். அவன்தான் வாய் பேசாமல் அந்த லத்தீன் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறான். தேர்வில் அதை எழுத்துப் பிசகாமல் எழுதுவான் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் அது தன் வீட்டுக் காய் என்பதே அவனுக்குத் தெரியாமல் போய்விடக்கூடும்!

இந்த நஷ்டம் அவனுக்கு மட்டும் அல்ல. மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கும், ஆசிரியருக்கும் சேர்த்துத்தான். ஒரு நிமிஷம் தமிழில் கேட்டிருந்தால் அந்த வகுப்பில் பாடப்புத்தகத்தில் இல்லாத செய்தி பத்து வந்திருக்கும். மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் கற்பலகைகளை நட்டு மேலே ஒரு பலகையால் மூடிய பழங்காலக் கற்திட்டைகள் இருக்கின்றன. குள்ளர் வாழ்ந்த வீடு என்று கதை சொல்லுவார்கள். இரண்டு செங்குத்துக் கல், மேலே ஒரு படுக்கைக் கல்: கட்டடக் கலை வரலாற்றின் முதல் பாடமே இதுதான். அந்தப் பாடத்துக்கு இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சைப் படம் காட்டுகிறார்கள். காட்டட்டும், நல்ல உதாரணம்தான். கூடவே நம்மூர் உதாரணமும் சொல்லலாம் அல்லவா?

மறுபக்கம் என்ன சொல்கிறது?

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். அது பலவீனமான வாதம் அல்ல. கட்டட விதிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. 2016-ல் திருத்தி வெளியிட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்பைப் புரட்டாமல் ஒரு மாடிக்குப் படிக்கட்டின் அகலம்கூடச் சரியாகப் போட முடியாது. கணினியில் வரைகிற மென்பொருள்களின் கட்டளைகள் ஆங்கிலம். சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை தேடுகிறவனுக்கு ஆங்கிலம் இல்லாமல் முடியாது. அவ்வளவு ஏன், சென்னையிலேயே சாரத்தின் மேல் ஏறிப் பார்த்தால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளிகள்தான் பல இடங்களில் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ் மட்டும் போதும் என்று கட்டடக் கலைஞனுக்கு யாராவது சொன்னால் அது அவனுக்குச் செய்யும் துரோகம்.

ஆகவே ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா என்பது கேள்வியே அல்ல. எப்போது, எந்த வழியாக என்பதுதான் கேள்வி.

நம் கொத்தனார்களைப் பாருங்கள். சென்ட்ரிங், லிண்டல், பீம், பில்லர், சன்ஷேட், பிளான் என்று அவர்கள் வாயில் புரளும் ஆங்கில வார்த்தைகளுக்குக் கணக்கில்லை. எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றார்கள்? யார் தேர்வு வைத்தார்கள்? பொருளைக் கையில் தொட்டபோது பெயரையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். லிண்டல் என்றால் எது என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. ஏனென்றால் அதைப் பத்து அடி உயரத்தில் தூக்கிவைத்தவர்கள் அவர்கள். கூடவே தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், உத்திரம், கைமரம் என்ற தமிழ் வார்த்தைகளையும் விட்டுவிடவில்லை. இரண்டு மொழியும் ஒரே சட்டியில் கலவையாகிவிட்டது. கட்டடமும் நிற்கிறது.

கட்டடக் கலை மாணவனுக்கு இதைவிட நல்ல வசதி உண்டு. அவன் படிக்கும் ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. பிளான் என்றால் மேலிருந்து பார்த்த தளப்படம். எலிவேஷன் என்றால் முகப்பு. செக்‌ஷன் என்றால் வீட்டைக் கத்தியால் அறுத்துப் பார்த்தாற்போன்ற வெட்டுத் தோற்றம். சட்டம் படிக்கிறவனுக்கோ தத்துவம் படிக்கிறவனுக்கோ இந்தச் சலுகை கிடையாது. வரைந்து வரைந்தே ஆங்கிலம் கற்றுக்கொள்ளக்கூடிய படிப்பு ஒன்று உண்டென்றால் அது இதுதான். இப்படிப்பட்ட படிப்பில் ஆங்கிலத்தை முதல் மாதமே நிபந்தனையாக வைத்து, பையனை ஊமையாக்குவது விந்தை அல்லவா?

மொழி தெரியாமல் போன தோஷி

அகமதாபாத்தின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷியின் கதை இங்கே பொருந்தும். 1951-ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு மகாநாட்டில் லெ கார்புசியே என்னும் பெரிய கட்டடக் கலைஞரின் பரிவாரத்தைச் சந்தித்து, பாரிஸில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். தோஷிக்குப் பிரெஞ்சு மொழி தெரியாது. குருவின் ஆங்கிலமோ உடைந்த ஆங்கிலம். எட்டு மாதம் சம்பளமும் இல்லை. இருவரும் பேசிக்கொண்டது பெரும்பாலும் பென்சிலால்தான். அப்படிக் கற்றவருக்கு 2018-ல் கட்டடக் கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது; இந்தியர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. பாரிஸ் அலுவலகத்தில் முதல் நாளே பிரெஞ்சில் ஜூரி வைத்திருந்தால் அவர் அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருப்பார்.

மேலைநாட்டுக்குப் போவானேன்? காவலூரின் தொலைநோக்கியே இன்னொரு பெயரைச் சொல்லும். 1988 பிப்ரவரியில் ராஜமோகன் என்னும் வானியலாரும் அவர் குழுவினரும் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் இந்திய மண்ணிலிருந்து யாரும் புதுச் சிறுகோள் கண்டதில்லை. 4130 என்ற எண் பெற்ற அதற்கு வைத்த பெயர் ராமானுஜன். கணித மேதை ராமானுஜன்தான்.

அந்த ராமானுஜன் 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினார், உதவித்தொகை போயிற்று. வீட்டை விட்டே ஓடினார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. கணக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது ஆசிரியர்களுக்கே தெரிந்திருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. சட்டம் சட்டம்தான்! அதே ராமானுஜன் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜுக்கு ஆங்கிலத்தில்தான் கடிதம் எழுதினார். சொல்ல வேண்டிய கணக்கு கையில் இருந்தது. அதற்கு வேண்டிய அளவு ஆங்கிலம் தானே வந்தது. 1918-ல் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராக்கியது. அந்த எட்டு ஒன்பது வருஷம் அவர் வேலைக்கு அலைந்ததையும் பட்டினி கிடந்ததையும் யார் கணக்கில் எழுதுவது? எல்லாத் தோல்விக்கும் ஆங்கிலமே காரணம் என்று சொல்வதற்கில்லை. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களை அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் ஒன்றில் மேதையாக இருப்பவனை இன்னொன்றால் அளந்து வெளியே தள்ளும் வழக்கம் மட்டும் அன்றிலிருந்து இன்று வரை மாறவில்லை.

ஒரே வருஷத்தில் இரண்டு பள்ளிகள்

தமிழ்நாட்டில் கட்டடக் கலைக் கல்விக்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. 1957-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் கிண்டியில் கட்டடக் கலைத் துறை ஆரம்பமாயிற்று. அண்ணா பல்கலைக்கழகம் ஏற்பட்ட பிறகு அது அதன் பள்ளியாகிவிட்டது. அதே 1957-ல், கடற்கரையோரமாகத் தெற்கே சற்றுத் தூரத்தில், மாமல்லபுரத்தில் மரபுக் கட்டடக் கலையும் சிற்பமும் கற்பிக்க இன்னொரு பள்ளியை அரசு தொடங்கியது. வைத்தியநாத ஸ்தபதி அதற்குத் தலைமை வகித்தார். பின்னால் அவர் மகன் கணபதி ஸ்தபதி வெகு காலம் நடத்தினார். கன்னியாகுமரியில் 2000-ஆம் வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி திறந்த 133 அடி வள்ளுவர் சிலை அவர் கைவண்ணம்தான். கடல் காற்றும் அலையும் மோதும் பாறை மேல், கல்லால் அவ்வளவு உயரம் எழுப்புவதற்கு வேண்டிய கணக்கும் கலைச்சொல்லும் அந்த மரபில் இருந்தன.

கிண்டியிலும் கற்பித்தார்கள், மாமல்லபுரத்திலும் கற்பித்தார்கள். நடுவில் பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் ஒரு பக்கத்துச் சொல் மறு பக்கத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. அதிஷ்டானம், பாதம், பிரஸ்தரம் என்று ஒரு கோயிலின் அங்கங்களை அடி முதல் முடி வரை சொல்லும் மாணவர் ஒரு பக்கம். பிளிந்த், காலம், என்டாப்ளேச்சர் என்று சொல்லும் மாணவர் மறு பக்கம். இரண்டையும் அறிந்த ஒரு தலைமுறை உண்டாகியிருந்தால் இன்றைக்குக் காவலூர்ப் பையன் தன் வீட்டுக் கூரையின் கைமரத்தைப் பற்றிப் பேச வெட்கப்பட்டிருக்க மாட்டான்.

தமிழில் சொல்ல முடியாது என்பவர்களுக்கு யாழ்ப்பாணத்துச் சரித்திரம் பதில் சொல்லும். சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1847-ல் அங்கே வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பிறகு 1860-களில் தமிழுக்கே மாறினார். புத்தகங்களைத் தமிழில் ஆக்கினார், கலைச்சொல் தொகுத்தார். அறுவை வைத்தியத்தையே தமிழில் சொல்ல ஓர் அமெரிக்கருக்கு முடிந்தது என்றால், மாடிப்படி எந்தப் பக்கம் என்பதைத் தமிழில் கேட்க நம்மவர்களுக்கு முடியாதா? அண்ணா பல்கலைக்கழகமும் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் என்ற இரண்டு பொறியியல் பாடங்களைத் தமிழில் நடத்த முன்வந்தது. சேர்ந்தவர்கள் வேலை கிடைக்குமோ என்று கவலைப்பட்டார்கள். கவலைக்குக் காரணமும் இருந்தது. அதனால்தான் ஐந்து வருஷத்தையும் தமிழில் நடத்துங்கள் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. முதல் இரண்டு வருஷம் ஜூரியில் மாணவன் எந்த மொழியில் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்று ஓர் உத்தரவு போட்டால் போதும். மூன்றாம் வருஷம் அவனை ஆங்கிலத்தில் கேளுங்கள். அதற்குள் படத்தோடு படமாக ஆங்கிலம் அவனுக்கு வந்திருக்கும். வராவிட்டால் அன்று மதிப்பெண்ணைக் குறையுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

இதற்குக் கட்டடம் கட்ட வேண்டாம், நிதி ஒதுக்க வேண்டாம். கேட்கிறவர்கள் தமிழ் அறியாதவர்களாக இருந்தால் மொழிபெயர்த்துச் சொல்லப் பக்கத்தில் பத்துப் பேர் இருப்பார்கள்.

மாணவனுக்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வெட்கம் ஒரு நல்ல வாத்தியார் அல்ல. விடுதியில் தமிழ்ப் பையன்களோடு மட்டும் சேர்ந்து, சாப்பாட்டு மேஜையிலும் அவர்களோடு மட்டும் உட்கார்ந்துவிட்டு, ஐந்து வருஷம் கழித்து ஆங்கிலம் வரவில்லையே என்றால் யாரைக் குறை சொல்வது? தப்பும் தவறுமாகப் பேசத்தான் வேண்டும். சிரிக்கிறவர்கள் ஒரு வாரம் சிரிப்பார்கள். 2024-ல் ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த மலைவாழ் பெண் ஒருவர், தமிழ் வழியில் படித்தவர்களுக்கான முன்னுரிமையில், 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்றார். பிரசவமான இரண்டாம் நாள் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதியவர் அவர். சட்டப் புத்தகத்தைவிடக் கட்டடப் புத்தகத்தில் ஆங்கிலம் அதிகம் அல்ல.

இந்தப் படிப்பில் மலைப்பையனுக்கு என்று ஒரு நாளும் உண்டு. அது இரண்டாம் வருஷத்தில் வரும். பழைய வீடு ஒன்றை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்து வரச் சொல்லி வகுப்பையே வெளியூருக்கு அனுப்புவார்கள். செட்டிநாட்டுக்கோ, தஞ்சைப் பக்கத்து அக்கிரகாரத்துக்கோ போவார்கள். பழைய வீட்டின் ரகசியம் எல்லாம் உள்ளூர் வயோதிகக் கொத்தனாரிடமும் தச்சரிடமும்தான் இருக்கும். ஜூரியில் பத்து நிமிஷம் பேசியவன் அங்கே திணறுவான். "அய்யா, இந்த மெம்பர் இருக்கு இல்ல, இதோட ஸ்பான் எவ்வளவு?" என்பான். பெரியவர் ஒன்றும் விளங்காமல் அவன் முகத்தைப் பார்ப்பார்.

மலைப்பையன் அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டு, "மேஸ்திரி, மோட்டுவளையிலேருந்து சுவர் வரைக்கும் ஒரே கைமரமா, இல்லே ஒட்டுப் போட்டிருக்கா?" என்று கேட்பான்.

பெரியவர் நிமிர்ந்து உட்காருவார். ஒட்டு இல்லை, பர்மாத் தேக்கு, ஒரே நீளம் என்பார். எந்த வருஷம் கப்பலில் வந்தது என்று ஆரம்பித்து, வரிச்சு ஏன் அவ்வளவு நெருக்கம், ஓட்டுக்கு அடியில் ஏன் இன்னொரு ஓடு, முற்றத்துத் தண்ணீர் எந்தக் கால்வாயில் போகிறது என்று மத்தியானம் வரைக்கும் சொல்லிக்கொண்டே போவார். மலைப்பையன் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

ராத்திரி சத்திரத்தில் விளக்கடியில் உட்கார்ந்து தாளில் ஏற்றும்போது ஒருவன் தலையைத் தூக்குவான். "கைமரத்துக்கு என்னடா எழுதறது?"

"ராஃப்டர்" என்பான் மலைப்பையன், இரண்டு கோட்டுக்கு நடுவில் அந்த ஆறு எழுத்தையும் அச்சுப்போல் எழுதிக்கொண்டே.